பதினான்காம் கட்டையில் நின்ற கார்

யானைமுகத்து ஐயனே, முதலில் உன்னைப் பணிகிறேன். கடல் அடி கழுவக் கோணமலையின் உச்சியில் அம்மையோடு அமர்ந்திருக்கும் ஈசனே, அடுத்து உன்னைப் பணிகிறேன். நான் பாடிய பதிகங்கள் அனைத்தையும் கேட்டவன் நீ. சொல்லாமல் விழுங்கிய ஒன்றையும் நீ கேட்டிருப்பாய். இன்று அதை எழுதத் துணிந்தேன். இடையில் பேனையை மூடி வைத்துவிட்டு எழுந்து போகாதபடி என்னை இருத்துவாயாக.

இன்று விஜயதசமி. புரட்டாதி வளர்பிறைத் தசமியும் திருவோணமும் கூடிய நன்னாள். காலையில் கோயிலில் குழந்தைகளுக்கு ஏடு தொடக்கினார்கள். வீதி நெடுகிலும் ஓட்டோக்களும் வான்களும் மாலை சூடிச் சந்தனம் பூசி நிற்கின்றன. அவற்றைக் கடந்து வீட்டுக்கு வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. அதனாலேயே எழுத உட்கார்ந்தேன்.

என் வயதொத்தவர்களே, முழங்காலுக்குத் தைலமும் கண்ணுக்குச் சொட்டு மருந்துமாக நாளைக் கழிக்கும் உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் இறங்காத காலம். ஒரு காரில் சின்ன இறப்பர் வளையம் கிழிந்தாலும், அதே வகைக் கார் வேறெங்கே செத்துக் கிடக்கிறது என்று ஊர் ஊராக விசாரித்துத் திரியவேண்டும். அந்தக் காலத்தில், ஓராண்டின் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை, எங்கள் காருக்கு ஒரு நோய் இருந்தது. அந்த நோயின் பெயரால் ஒரு மனிதர் கள்ளன் என்று பழி சுமந்து தொழிலை விட்டுப் போனார். அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். எனக்கு அப்போது பத்து வயது.

எங்கள் வீடு கோணமலை நிற்கும் திருமலைப் பட்டினத்தில், உட்துறைமுகத்தை அண்டிய ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் இருந்தது. டொக்யாட் என்னும் கப்பல் பட்டறையில் சங்கு ஊதினால் அம்மா உலையில் அரிசி போடுவார். அப்பா வாடகைக்கு ஹயர் கார் ஓட்டினார். கறுப்பு நிறக் கார், இங்கிலாந்தில் பிறந்தது, என்னிலும் இரு மடங்குக்கு மேல் வயதானது. உள்ளே சிவப்பு றெக்சின் இருக்கைகள். வெயிலில் நின்றால் அவற்றிலிருந்து ஒரு வாசனை எழும். பெற்றோலும் வேர்வையும் பிள்ளையார் படத்துக்குக் கொளுத்திய கற்பூரமும் சேர்ந்த வாசனை அது. குளிர்ந்த காலைகளில் முன்பக்கத்தில் இரும்புக் கைபிடியைச் செருகி நாலைந்து முறை சுழற்றினால்தான் இயந்திரம் விழிக்கும். அந்தக் கைபிடி என் கைக்குப் பாரம். அதை அப்பாவிடம் தூக்கிக் கொடுப்பது என் உரிமை என்று எண்ணியிருந்தேன். இடம்பெயர்ந்த ஆண்டுகளில் அது எந்த வீட்டில் விடுபட்டதோ தெரியாது.

நான் பதிகம் பாடும் பிள்ளை. பூசை முடிவில் என்னைத்தான் முன்னே விடுவார்கள். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்தது. அந்த ஆண்டு ஆயுத பூசையன்று காருக்குப் பொட்டு வைக்கும் பணியை அப்பா எனக்குத் தந்தார். காரையும் ஓர் அடியாராகவே பாவித்தேன். முன்விளக்குகள் கண்கள். பின்பக்கத்தில் இருந்த பெற்றோல் மூடி, உணவு உட்கொள்ளும் வாய். வெள்ளி நிறத்து வட்ட மூடி. அதன் நடுவே குண்டூசித் தலையளவில் ஒரு துவாரம். பொட்டு வைக்கவேண்டிய இடத்தைச் செய்தவனே குறித்து அனுப்பியிருக்கிறான் என்று நம்பினேன்.

வெறும் சந்தனம் காய்ந்தால் வெடித்து உதிரும். ஆகவே, பள்ளிக்கூடத்தில் படம் ஒட்டுவதற்கு வைத்திருந்த விளாம்பிசினைக் கரைத்து அதனோடு குழைத்தேன். காய்ந்ததும் அது கல்லாயிற்று. அப்பா நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"இஞ்சேரும், வந்து பாரும். என்ர மகள் வைச்ச பொட்டு மாரி மழைக்கும் அசையாது."

"காருக்கு அலங்காரம் முடிஞ்சுதெண்டால் அவளின்ர தலையையும் ஒருக்கா இழுக்கச் சொல்லுங்கோ. பேன் விழுந்து கிடக்கு" என்றார் அம்மா.

அன்று சூட்டிய மாலையை ஊருக்குள் திரியும் மான் ஒன்று வந்து தின்றுவிட்டது. பொட்டு மட்டும் நின்றது. வெள்ளிக்கிழமை தோறும் அதன்மேல் புதிதாக ஒன்று வைத்தேன்.

ஐப்பசியில் நோய் தொடங்கிற்று. ஊருக்குள் கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். பெற்றோல் தாங்கியை நிரப்பிக்கொண்டு கண்டி வீதியில் தூரப் பயணம் புறப்பட்டால், தம்பலகாமத்து வயல்கள் தொடங்கும் இடத்தில், பதினான்காவது மைல்கல்லை, எங்கள் பேச்சில் பதினான்காம் கட்டையை, அண்டியதும் இரண்டு முறை குலுங்கி நின்றுவிடும். அரை மணி நேரம் விட்டால் தானாகவே உயிர் பெறும். பின்னர் சில மைல் ஓடி மறுபடி நிற்கும். ஒழுங்கை முனையில் கூடியவர்களுக்கெல்லாம் இதற்கு மருந்து தெரிந்திருந்தது.

"காயில் சூடாகுது. வேறொண்டும் இல்லை."

"காயில் இல்லையடாப்பா, கண்டென்சர். என்ர மச்சானின்ர காருக்கும் இதே வருத்தம்தான்."

"உன்ர மச்சானிட்டைக் கார் எப்ப இருந்தது? கார் தள்ளினவன் எண்டு சொல்லு."

அப்பா காயிலை மாற்றினார். கண்டென்சரை மாற்றினார். யாரோ சொன்னபடி, தாங்கியிலிருந்து பெற்றோலை இழுத்துத் தரும் பம்பின்மேல் ஈரச்சாக்கைச் சுற்றினார். கார் பதினான்காம் கட்டையில் நின்றது.

அதன் பிறகே பாஸிடம் போனோம். கைத்தொழிலில் தேர்ந்தவரைப் பாஸ் என்று அழைப்பது எங்கள் ஊர் மரியாதை. அவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். காலைதோறும் துறை கடந்து வந்து, துறைமுக வீதியில் வாகை மரத்தின் கீழ் இருந்த தன் தகரக் கொட்டகையைத் திறப்பார். நீண்ட திருப்புளியின் நுனியை ஓடும் இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக் கேட்பார். கழற்றிய பழைய பாகத்தைக் கடதாசியில் சுற்றிக் கார்க்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார். மாற்றினேன் என்று சொல்லி மாற்றாமல் விட்டதாக ஒருவரும் சொல்லக்கூடாது என்பதில் அவருக்கு அத்தனை கவனம்.

"நிக்கிற இடத்திலதான் அண்ணன் வருத்தத்தப் பாக்கோணும். இஞ்ச நிண்டு என்னத்தப் பாக்கிற?" என்று அவர் காரில் ஏறினார். நானும் பின்னிருக்கையில் இருந்தேன். பதினான்காம் கட்டையில் கார் சொன்ன சொல் தவறாமல் நின்றது.

பாஸ் முன்மூடியைத் திறந்தார். ஒரு பிளக்கைக் கழற்றி நெருப்புப் பாய்வதைக் காட்டினார். பம்பின் கண்ணாடிக் கிண்ணம் வெறுமையாக இருந்தது. "பெற்றோல் வருதில்ல அண்ணன். ஒண்டில் பம்ப் இழுக்குதில்ல. இல்லாட்டிப் பின்னுக்கு என்னவோ மறிக்குது" என்று சொல்லிக்கொண்டே காரின் பின்புறம் நடந்து, பெற்றோல் மூடியில் கை வைத்தார்.

அப்பா ஓடிவந்தார். "அதைத் தொடாதேங்கோ பாஸ்."

பாஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளிக்கிழமைப் பொட்டு. பிள்ளை பூசை பண்ணி வைச்சது. உங்கட கை எண்ணெய்க் கை."

பாஸ் தன் கையைப் பார்த்தார். பிறகு அதை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். துடைத்த கையை மறுபடி மூடியின் பக்கம் கொண்டுபோகவில்லை. "அப்ப நீங்களே ஒருக்காத் திறந்து பாருங்களன்" என்று மட்டும் சொன்னார்.

"தாங்கிக்கு என்ன, நிரம்பக் கிடக்கு. நான்தானே அடிச்சனான். முன்னுக்குப் பாருங்கோ."

அப்பாவின் கையும் அன்று எண்ணெயாகத்தான் இருந்தது. அதை நான் கண்டேன். ஆனால் என் பொட்டை அப்பா காத்துவிட்டார் என்ற மகிழ்ச்சியில் பூரித்துப்போய் இருந்தேன். அப்பா ஓடிவந்து தடுத்தது எண்ணெய்க்காக அல்ல என்பதைப் பாஸ் உடனே அறிந்திருப்பார். நான் அறிய இருபது வருடம் சென்றது.

பின்பக்கம் விலக்கப்பட்டதால் மிஞ்சியது பம்ப் ஒன்றே. அதன் உள்ளே இருந்த மெல்லிய சவ்வு பழுதென்று பாஸ் கொண்டார். புதியது இலங்கையில் எங்கும் இல்லை. இந்த வகைக் கார் ஒன்று தோப்பூரில் ஒரு நெல் வியாபாரியின் வளவில் கிடப்பதாக அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை மூவரும் லாஞ்சுப் படகில் ஏறி மூதூரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் தோப்பூர் போனோம். கொட்டியாரக் குடாவின் நடுவில் எனக்கு வாந்தி வந்தது. பாஸ் தன் தோள் துவாயை நனைத்து என் நெற்றியில் வைத்தார்.

அந்தக் கார் கோழிக்கூடாகியிருந்தது. சில்லுகள் இல்லை. முன்னிருக்கையில் ஒரு பேடு அடைகாத்துக்கொண்டிருந்தது.

"டிரைவர் அம்மாவக் கொஞ்சம் இறங்கச் சொல்லுங்க" என்றார் பாஸ். வியாபாரி வயிறு குலுங்கச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அப்பாவும் பாஸும் சேர்ந்து சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான் கடைசி.

பம்பைக் கழற்றி, வாயால் உறிஞ்சிப் பார்த்து, "சவ்வு நல்லா இரிக்கு அண்ணன். இது இன்னும் பத்து வருசம் ஓடும்" என்று பாஸ் சொன்னார். திங்களன்று கொட்டகையில் அதைப் பூட்டினார். பழையதைக் கடதாசியில் சுற்றித் தந்தார். ஆறாம் கட்டை வரை ஓட்டிப் பார்த்தோம். கார் பட்டுப்போல ஓடிற்று. நோய் தீர்ந்தது என்று அம்மா பிள்ளையாருக்கு மோதகம் அவித்தார்.

கார்த்திகையில் ஒரு கலியாண ஹயர் வந்தது. மாப்பிள்ளை எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்தவர், பெண்வீடு கந்தளாயில். மணவறையில் பாடுவதற்காக என்னையும் முன்னிருக்கையில் ஏற்றினார்கள். அப்பா தாங்கியை நிரப்பினார். எங்கே நின்றது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை வீதியோரத்தில் நின்றார். அப்பா பம்பின்மேல் தண்ணீர் ஊற்றினார், உதைத்தார், அழுதார் என்றும் சொல்லலாம். அரை மணியில் கிளம்பிய கார் மறுபடி நின்றது. இறுதியில் மாப்பிள்ளையைத் திருமலையிலிருந்து வந்த பஸ்ஸில் ஏற்றினார்கள். அவர் மீன்கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு பெண்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் தப்பியிருந்தது.

ஊர் அப்பாவை விட்டுவைக்கவில்லை. "அண்ணை, சவத்துக்காவது உங்கட கார் வருமோ? அதுக்கு அவசரம் இல்லைத்தானே" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அப்பாவுக்கு யாரையாவது காட்டவேண்டியிருந்தது.

"தோப்பூரில கழட்டினது நல்ல பம்ப். அவன் அதை ஒளிச்சுப்போட்டு ஒரு சொத்தையைப் பூட்டியிருக்கிறான்."

"உங்கட கண்ணுக்கு முன்னாலதானே அவர் பூட்டினவர்?" என்று அம்மா கேட்டார்.

"இடையில நான் தேத்தண்ணி குடிக்கப் போனனான்."

அந்தத் தேநீரை வைத்து அப்பா ஒரு களவை உண்டாக்கினார். மறுநாள் ஒழுங்கையார் பின்தொடரக் கொட்டகைக்குப் போனார். அதுவரை நீங்கள் என்று அழைத்தவரை அன்று நீ என்று அழைத்தார்.

"கள்ளன் இல்லையெண்டால் பிள்ளையார் வாசலுக்கு வா. கற்பூரம் கொளுத்துறன். அணைச்சுச் சத்தியம் பண்ணு."

எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சொல்லும் சத்தியத்துக்கு மேல் எங்கள் பக்கத்தில் விசாரணை இல்லை. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் தழைக்காது என்பது நம்பிக்கை.

பாஸ் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "அண்ணன், அது எனக்கு ஏலாது. உங்களுக்குத் தெரியும்தானே. எங்கட பள்ளிக்கு வாங்க. அல்லாட மேல சத்தியமா, எல்லாருக்கும் முன்னால சொல்றன்."

"உன்ர பள்ளியில நீ சொன்னது மெய்யோ பொய்யோ, எங்களுக்கு ஆர் சொல்லுறது?"

"அப்ப பம்பக் கழட்டிப் பாருங்க. தோப்பூர்க்காரரக் கூப்பிட்டுக் காட்டுங்க."

"கற்பூரம் அணைப்பியோ, மாட்டியோ?"

பாஸ் தலையைக் குனிந்தார். "ஏலாது."

அவர் தன் இறைவனுக்கு உண்மையாக இருந்தார். அதைக் களவுக்குச் சாட்சியாக எழுதிக்கொண்டார்கள். நம் கடவுளின் பெயரால் இப்படி ஒரு பொறி செய்யலாம் என்று எந்தப் பதிகமும் எனக்குக் கற்பிக்கவில்லை. என் சொந்தக்காரர்கள் கற்பித்தார்கள். அன்றிலிருந்து கார்கள் வாகை மரத்தடியைக் கடந்து வேறு இடங்களுக்குப் போயின. முதலில் எங்கள் பக்கத்துக் கார்கள். கள்ளப் பாகம் பூட்டுகிறவர் என்ற கதை பரவியபின் எல்லோருடைய கார்களும்.

மார்கழியில் சித்திக்குக் கந்தளாயில் பிள்ளை பிறந்தது. அம்மா முன்னரே போய்விட்டார். அப்பாவும் நானும் அடை மழையில் காரில் புறப்பட்டோம். பதினான்காம் கட்டை. குலுக்கல். நின்றது. மழைத் தண்ணீர் தாங்கிக்குள் இறங்கிவிட்டதோ என்று அப்பா குடையோடு பின்னால் போனார். துணைக்கு நானும் போனேன். அவர் மூடியைத் திருகினார்.

உஸ்ஸ் என்று நீண்ட ஒலி எழுந்தது. தாகத்தில் கிடந்த ஒன்று மூச்சை உள்ளே இழுத்ததுபோல இருந்தது.

அப்பா அசையாமல் நின்றார். பிறகு ஓடிப்போய்ச் சாவியைத் திருகினார். கார் ஒரே உறுமலில் கிளம்பிற்று. அவர் திரும்பி வந்து மூடியைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். என் சட்டையிலிருந்த ஊசியைக் கேட்டு வாங்கி, பத்து வெள்ளிக்கிழமைகளின் பொட்டை ஒவ்வோர் அடுக்காகச் சுரண்டினார். துவாரம் தெரிந்தது. அதனூடாக வானம் தெரிந்தது.

பெற்றோல் போகப்போக அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். காற்று வரும் வாசல் அந்தத் துவாரம். நான் அதை அடைத்துவிட்டேன். காற்றுப் புகாத தாங்கியிலிருந்து எந்தப் பம்பாலும் இழுக்க ஏலாது. நின்ற காரில் மூடியின் விளிம்பால் காற்றுக் கசிந்து இறங்க அரை மணி எடுத்தது. ஊருக்குள் ஓடும்போது தாங்கியில் பெற்றோல் குறைவு, காற்று மிகுதி. ஆகவே நோய் தெரியவில்லை. இத்தனையையும் அப்பா வாய்விட்டுச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, மழையிடம் சொன்னார்.

"அப்பா, அப்ப பாஸ் ஒண்டும் செய்யேல்லை" என்றேன்.

அவர் மூடியைத் திருகிப் பூட்டினார்.

"போய்ச் சொல்லுவமா? ஒழுங்கையில எல்லாருக்கும் சொல்லுவமா?"

"என்னத்தைச் சொல்லுறது? என்ர பிள்ளை வைச்ச சந்தனத்தாலதான் மாப்பிள்ளைக்கு முகூர்த்தம் தப்பினது எண்டோ? பூசை பண்ணித்தான் கார் கெட்டது எண்டோ? ஊர் சிரிக்கும். உன்னைப் பிறகு கோயிலில பாட விடுவினமோ?" அவர் என் கையைப் பிடித்துத் தன் நனைந்த தலைமேல் வைத்தார். "அம்மாவுக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லு."

சொல்லமாட்டேன் என்றேன். அப்பாவின் உயிருக்குப் பயந்தேன். பாட விடமாட்டார்கள் என்பதற்கு அதைவிடப் பயந்தேன். இந்த இரண்டாவது பயத்தை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

தை பிறப்பதற்கு முதல் வாரம், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், பாஸ் கொட்டகையின் தகரங்களைக் கழற்றுவதைக் கண்டேன். திருப்புளிகளையும் சுத்தியல்களையும் ஒரு சாக்கில் கட்டியிருந்தார். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவர் கண்டுவிட்டார்.

"என்ன மகள், பள்ளிக்கூடம் விட்டாச்சா?"

"ஓம்."

"கார் ஓடுதா?"

"ஓம்."

"பதினாலாம் கட்டையத் தாண்டி ஓடுதா?"

நான் தலையசைத்தேன். அவர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினார். கோபம் ஏதும் அவர் முகத்தில் இல்லை. விடை தெரியாத கணக்கொன்றின் முன் இருக்கும் மாணவனின் ஆவல்தான் இருந்தது.

"யார் பாத்த?"

"அப்பாதான்."

"என்ன பிழையாம்?"

நான் புத்தகப் பையின் வாரைத் திருகினேன்.

"அந்தப் பம்ப் நல்ல பம்ப் மகள். எனக்குத் தெரியும். நான் பாக்காத இடம் ஒண்டுதான் இரிந்த." அவர் கையைச் சாரத்தில் துடைத்தார். "பிழை பின்னுக்கா இரிந்த? நீங்க வாயால ஒண்டும் சொல்லத் தேவல்ல. தலைய மட்டும் ஆட்டுங்க. நான் ஒருத்தரிட்டயும் கதைக்கமாட்டன். எனக்குத் தெரிஞ்சாக் காணும்."

"தெரியாது" என்றேன்.

அவர் முழங்காலில் கையை ஊன்றினார். பிறகு எழுந்து, "சரி மகள், வெயில் சுடுது, வீட்ட போங்க" என்றார். மறுநாள் வாகை மரத்தடி வெறும் தரையாக இருந்தது.

அப்பா தன் காலம் முடியும்வரை மதிப்போடு கார் ஓட்டினார். அவர் இறந்ததோடு என் சத்தியமும் முடிந்தது. அதன்பின் நான் போயிருக்கலாம். போகவில்லை. சண்டைக்காலத்தில் பாதை இல்லை என்று சொல்லிக்கொண்டேன். பின்னர் கிண்ணியாவுக்குப் பாலம் போட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணிக்குள் போய்விடலாம். அப்போது, அவர் இருக்கமாட்டார் என்று சொல்லிக்கொண்டேன். இருக்கிறாரா என்று ஒருவரையும் கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான முறை கோயிலில் பாடியிருக்கிறேன். உருகிப் பாடுகிறார் என்று சொன்னார்கள். ஒரு தலையசைப்புப் போதும் என்று என்முன் குந்தியிருந்தவருக்கு அதைக் கொடுக்காத கழுத்து இது.

பாஸ், பிழை பின்னுக்குத்தான் இருந்தது. நீங்கள் கை வைத்த இடத்திலேயே இருந்தது.

இதை வாசித்த அனைவருக்கும் ஈசன் நலம் அருள்வானாக. உங்கள் வீடுகள் நிறைக, உங்கள் பயணங்கள் இடைநில்லாமல் முடிக. உங்கள்மேல் வீண்பழி விழும் நாளில், உண்மை அறிந்த ஒரு பிள்ளை அந்த இடத்தில் நிற்குமாக. அந்தப் பிள்ளை வாய் திறக்குமாக.